எண்ணுக்குத் தோஷம் உண்டா?

(செங்கற்பட்டில் நடைபெற்ற ஒரு பொதுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் ஒரு எண். ஒரே ஒரு எண். "இது கணக்கு வாத்தியார் வேலையல்லவா, இவருக்கு இதில் என்ன யோக்கியதை?" என்று சிலர் நினைக்கலாம். நான் காலேஜில் கணக்குப் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் புத்தகங்களைத் தேடிப் பிடித்து நானே படித்துக் கொண்டதுதான். ஆனால் எண்ணைப் பற்றி எவ்வித யோக்கியதையும் இல்லாதவர்களெல்லாம் நம் நாட்டில் எண்ணைப் பற்றிப் பேசிப் பணம் சம்பாதிக்கும்போது, நான் இனாமாகப் பேசுவது பெரிய குற்றமாகிவிடாது என்று நினைக்கிறேன்.

இந்த ஊரில் 1929-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. பெயருக்குப் பின்னால் ஒட்டிக் கொண்டிருக்கும் ஜாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும் என்று அதில் தீர்மானம் செய்தார்கள். அன்று பெயரிலிருந்து ஒன்றைக் கழித்தார்கள். இன்றோ அதே பெயரோடு இங்கிலீஷ் எழுத்து ஒன்றைக் கூட்டிக் கொள்ளுகிறார்கள். எதற்கு? "கூட்டுத்தொகை எட்டு வருகிறது, சனி பிடித்த எண், ஒரு எழுத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும்" என்று எண்சோதிடர் சொன்னாராம். 8-ஆம் தேதி பிறந்த பெண்ணை வேண்டாமென்கிறான். வண்டி எண்ணின் கூட்டுத்தொகைக்காகக் கடன் வாங்கியாவது பணம் கட்டுகிறான். தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் வைத்து, அதன் பலனை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் பார்க்கிறான். அந்தக் கிரகங்களுக்குத் தமிழ் தெரியாது போலும்!

ஆகவே, எண்ணைப் பற்றி எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை இன்று ஒரு எண்ணைக் கொண்டே பார்ப்போம்.

பகா எண் என்பது யாது?

மாமல்லபுரத்துச் சாலை ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு கல் இருந்தால் வரிசைக்கு நாலாக மூன்று வரிசை வைக்கலாம்; வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசையும் வைக்கலாம். பதின்மூன்று கல்லைக் கொடுத்து, "ஒன்றும் மிஞ்சாமல் சம வரிசைகளாக அடுக்கு" என்றால் எந்தச் சிற்பியாலும் முடியாது. ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க வேண்டும். இப்படித் தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என்று அது போகும். நூறுக்குள் 25 இருக்கின்றன. ஆயிரத்துக்குள் 168. பத்து லட்சத்துக்குள் 78,498. இவைகளுக்கு முடிவே கிடையாது என்று யூக்ளிட் என்ற கிரேக்கர் சுமார் 2300 வருஷங்களுக்கு முன்பே காட்டிவிட்டார். அவர் செய்தது இவ்வளவுதான்: "உனக்குத் தெரிந்த பகா எண்களையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கூட்டு. வரும் எண்ணை உன் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆகையால் பட்டியலுக்கு வெளியே இன்னொரு பகா எண் இருந்தே தீரவேண்டும்." எந்த அசரீரியும் இதற்குத் தேவைப்படவில்லை.

சதுரங்கப் பலகைக் கணக்கு

2022-ஆம் வருஷம் ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சதுரங்கப் பலகையைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் ராஜாவிடம், முதற் கட்டத்துக்கு ஒரு நெல், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நாலு என்று இரட்டித்துக் கொண்டே போகச் சொன்னானாம். 64 கட்டமும் சேர்ந்தால் 1,84,46,74,40,73,70,95,51,615 நெல்! ராஜாவின் களஞ்சியம் போதவில்லை என்பது கதை.

கதை பொய்யாயிருக்கலாம். கணக்கு பொய்யல்ல. கட்டம் கட்டமாக மொத்தத்தைப் பாருங்கள்: இரண்டு கட்டம் சேர்ந்தால் 3, மூன்று சேர்ந்தால் 7, ஐந்து சேர்ந்தால் 31, ஏழு சேர்ந்தால் 127. எல்லாம் பகா எண்கள். ஆறு கட்டத்துக்கு மட்டும் பார்த்தால் 63 வருகிறது. ஏன் அது பகு எண்? முதல் மூன்று கட்டத்தில் 7. அடுத்த மூன்று கட்டத்தில் 8-ம் 16-ம் 32-ம் சேர்ந்து 56, அதாவது எட்டு ஏழு. ஆக மொத்தம் ஒன்பது ஏழு. இதிலிருந்து கட்டங்களின் எண்ணிக்கையே பகு எண்ணாயிருந்தால், அதை இப்படிச் சம கூறுகளாகப் பிரிக்கலாம், மொத்தமும் பிரிந்துபோகும் என்று தெரிகிறது. சரி, எண்ணிக்கை பகா எண்ணாயிருந்தால் மொத்தமும் பகா எண்தானா? அவசரப்படக் கூடாது. பதினொன்று பகா எண். பதினொரு கட்டத்தின் மொத்தம் 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் வருவது! பலகை முழுவதும் தேடினால் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 என்ற ஒன்பது இடங்களில் மட்டுமே மொத்தம் பகா எண்ணாகின்றது.

பெரியவர் சொன்னார்

இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மெர்சென் என்பவர் பாரிஸ் நகரத்துக் கிறிஸ்தவத் துறவி, பெரிய படிப்பாளி. அவர் 1644-இல் ஒரு புத்தகத்தில், 257 வரையில் எந்தெந்த எண்ணிக்கைக்கு இம்மொத்தம் பகா எண்ணாகும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். ருஜு கொடுக்கவில்லை. அந்தப் பட்டியல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஏட்டில் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 61-ஐ அவர் விட்டுவிட்டார் என்று 1883-இல் காட்டியவர் பெர்வுஷின் என்ற ருஷ்ய நாட்டுக் கிராமத்துப் பாதிரி. அவரும் பாதிரிதான், ஆனால் இந்த விஷயத்தில் அவர் ஜெபம் செய்யவில்லை, கணக்குப் போட்டார். 89-ம் 107-ம் கூட விட்டுப்போனவை. பட்டியலில் இருந்த 67-ம் 257-ம் தப்பு.

அந்த 67-க்கு உரிய எண் பகு எண்தான் என்று லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1876-இல் காட்டினார். ஆனால் அது எந்த எண்களால் வகுபடும் என்று யாருக்கும் தெரியாது. 1903-இல் அமெரிக்கக் கணித சங்கக் கூட்டத்தில் கோல் என்ற ஆசிரியர் எழுந்து போய், வாய் திறக்காமல் கரும்பலகையில் 2-ஐ அறுபத்தேழு தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தாராம். பிறகு பக்கத்தில் 19,37,07,721 என்ற எண்ணையும் 7,61,83,82,57,287 என்ற எண்ணையும் பெருக்கினாராம். இரண்டு விடையும் ஒன்றாக வந்தது. பேசாமலே உட்கார்ந்துவிட்டாராம். சபையில் ஒருவருக்காவது மறுத்துப் பேச இடமிருந்ததா? மெர்சென் எவ்வளவு பெரியவர், எவ்வளவு காலத்து ஏடு என்ற பேச்சுக்கு அங்கே என்ன மதிப்பு?

கழுகும் கணக்கும்

"பெரியவர் சொன்னது தப்பாகலாம், ஆனால் காலங்காலமாகக் கண்ணால் கண்டு வருவது தப்பாகுமா?" என்று கேட்பார்கள். இங்கிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. பல தலைமுறைகளாக நாள் தவறாமல் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து பூசாரி கையால் சோறு தின்றுவிட்டுப் போகும். காசியில் குளித்து இராமேசுவரம் போகும் ரிஷிகள் என்றார்கள். யுகயுகமாக வரும் என்றார்கள். 1990-களின் பிற்பகுதிக்குப் பின் அவை வருவதில்லை. அதே காலத்தில் இந்தியா முழுவதும் கழுகுகள் கூட்டங்கூட்டமாக அழிந்தன. மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்னும் கழுகைக் கொல்லுகிறது என்று கண்டுபிடித்து, 2006-இல் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடுத்தார்கள். பதினாயிரம் நாள் வந்தது என்பது பதினாயிரத்தோராவது நாள் வரும் என்பதற்கு ருஜுவல்ல.

பகா எண்ணிலும் இதே சங்கதி நடந்திருக்கிறது. ஒரு எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்பதைச் சுமாராகச் சொல்ல, ஜெர்மனியில் கௌஸ் என்ற மேதை வழியில் வந்த ஒரு சூத்திரம் உண்டு. பத்து லட்சத்துக்கு அது 78,628 என்று சொல்லும். உண்மையில் இருப்பது 78,498. எந்த எல்லைக்குப் போட்டாலும் சூத்திரம் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிக் கொண்டு வந்தது. ஒன்றுக்குப் பின் பத்தொன்பது பூஜ்யம் போட்ட எண் வரை சோதித்தும் அப்படித்தான். வேறொருவனாயிருந்தால் "இது அநாதி விதி" என்று சாஸ்திரம் எழுதியிருப்பான். ஆனால் 1914-இல் லிட்டில்வுட் என்ற இங்கிலீஷ்காரர், சூத்திரம் ஒரு நாள் குறைவாகச் சொல்லியே தீரும், பிறகு மாறி மாறி முடிவில்லாமல் அப்படி நடக்கும் என்று ருஜு செய்துவிட்டார். 317 இலக்கமுள்ள எண்களின் பிராந்தியத்தில் அது நடப்பதாகப் பின்னால் கணக்கிட்டுச் சொன்னார்கள். கோடானுகோடி சாட்சிகள் ஒரு பக்கம். ஒரு ருஜு ஒரு பக்கம். ருஜுவே ஜெயித்தது.

இராமானுஜன் விஷயம்

நம் நாட்டு இராமானுஜனை எல்லோருக்கும் தெரியும். ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர். கணக்குகளை நாமக்கல் அம்மன் கனவில் எழுதிக் காட்டியதாக அவரே சொன்னார் என்பதை நம்மவர்கள் ஓயாமல் சொல்லுவார்கள். அவர் 1913 ஜனவரி 16-இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், பகா எண்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் பிசகாமல் சொல்லும் சூத்திரம் தம்மிடம் இருப்பதாகக் குறித்திருந்தார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் பரிசோதித்தார்கள். பகா எண்ணைப் பற்றிய அந்தப் பகுதி தவறாக முடிந்தது. சிறு எண்களுக்கு வெகு நன்றாக ஒத்துவந்தது, பெரிய எண்களுக்கு அவர் நினைத்த அளவு சரியாயிருக்கவில்லை.

தோழர்களே! இதை நான் இராமானுஜனைக் குறைத்துச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவர் அறிவுக்கு முன்னால் நாமெல்லாம் எம்மாத்திரம்? நான் கேட்பதெல்லாம், சரியாக வந்த சூத்திரத்தை அம்மன் சொன்னாள் என்றால், தப்பாக வந்த சூத்திரத்தை யார் சொன்னது என்பதுதான். சரியானதற்கு அம்மனும் தப்புக்கு இராமானுஜனுமா? அப்படிப் பங்கு பிரித்தால் நாம் அந்த மனிதனுக்குச் செய்வது மரியாதையா, துரோகமா? இரண்டும் அவருடைய மூளையில் தோன்றியவையே.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே இராமானுஜன் 1919-இல், எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவில் ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பதற்குச் சின்னதாக ஒரு ருஜு எழுதி வெளியிட்டார். 1850-களில் செபிஷெவ் என்ற ருஷ்யர் நீளமாக நிலைநாட்டியதை இவர் இரண்டு பக்கத்தில் முடித்தார். அது இன்றைக்கும் நிற்கிறது. 2, 11, 17, 29, 41 என்று அதிலிருந்து பிறந்த எண்களுக்கு இராமானுஜன் பகா எண்கள் என்றே பெயர். ஒரே மனிதர்தான். கனவில் கண்டது என்று சொன்னதற்காக எதுவும் நிற்கவில்லை. ருஜுவோடு சொன்னது நின்றது.

நாலு கோடி இலக்கம்

இனி நான் சொல்ல வந்த எண்ணுக்கு வருகிறேன். சதுரங்கப் பலகையில் 64 கட்டத்துக்குப் பதிலாக 13,62,79,841 கட்டம் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். மொத்த நெல்லின் எண்ணிக்கைதான் அந்த எண். 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அறியப்பட்ட பகா எண்களிலெல்லாம் பெரியது. அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. முதல் இலக்கம் 8, கடைசி இலக்கம் 1. விநாடிக்கு ஒரு இலக்கமாக ஊண் உறக்கமின்றிச் சொன்னாலும் 475 நாள் ஆகும். அரை சென்டிமீட்டருக்கு ஒரு இலக்கம் எழுதினால் 205 கிலோமீட்டர் நீளும். இந்த ஊருக்கும் மாமல்லபுரத்துக்கும் ஏழு தடவை நடக்கும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

இந்த ராட்சத எண் பகா எண்தான் என்று எப்படித் தெரிந்தது? சிறியதும் பெரியதுமான எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க எந்த இயந்திரத்துக்கும் ஆயுள் போதாது. அதற்கு லூக்காஸ் தொடங்கி லேமர் என்ற அமெரிக்கர் செப்பனிட்ட ஒரு பரீட்சை இருக்கின்றது. நீங்களே செய்து பார்க்கலாம். ஐந்து கட்டத்தின் மொத்தமாகிய 31-ஐ எடுத்துக் கொள்ளுங்கள். 4-இல் தொடங்குங்கள். நாலு நாலு பதினாறு, இரண்டு போக 14. பதினாலைப் பதினாலால் பெருக்கி இரண்டு போக 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. எட்டு எட்டு அறுபத்து நாலு, இரண்டு போக 62. 31-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். கட்டங்களின் எண்ணிக்கையில் இரண்டு குறைத்து அத்தனை தடவை செய்து, கடைசியில் பூஜ்யம் வந்தால் அது பகா எண், வராவிட்டால் அல்ல. பதினொரு கட்டத்துக்கு இதைச் செய்தால் பூஜ்யம் வராது. மீதி 1736 நிற்கும்.

நம் பெரிய எண்ணுக்கும் இதே பரீட்சைதான். பதின்மூன்று கோடிக்கு மேற்பட்ட தடவை. 1996-இல் ஆரம்பித்த ஒரு தொண்டர் கூட்டம் உலகமெங்கும் கணிப்பொறிகளைச் சேர்த்து இப்படித் தேடி வருகிறது. அதில் சேர்ந்த லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர் பதினேழு நாடுகளில் உள்ள இயந்திரங்களை இதில் ஈடுபடுத்தினார். அக்டோபர் 11-இல் டப்ளின் நகரத்து இயந்திரம் ஒன்று, "இது பெரும்பாலும் பகா எண்" என்று சொல்லிற்று. அவர்கள் மேளம் கொட்டினார்களா? இல்லை. "பெரும்பாலும்" என்பது போதாது என்று, மறுநாள் அமெரிக்காவில் வேறு இயந்திரத்தில் நான் சொன்ன பரீட்சையை முடித்தார்கள். பிறகும் வேறு வேறு முறைகளால், வேறு வேறு இயந்திரங்களில் சரிபார்த்து, 21-ஆம் தேதிதான் உலகத்துக்கு அறிவித்தார்கள். கண்டுபிடித்தவனே தன் பேச்சை நம்பாதே என்று சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

இந்தப் பரீட்சை மெர்சென் வகைக்கு மட்டும். எந்த எண்ணாயிருந்தாலும், ஊகமோ அதிர்ஷ்டமோ கலவாமல், நியாயமான காலத்தில் பகா எண்ணா என்று தீர்மானிக்கும் வழியை 2002-இல் காட்டியவர்கள் நம் நாட்டுக் கான்பூரில் இருந்த மணீந்திர அகர்வாலும், நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்களும். உலகம் ஒப்புக் கொண்டது அவர்கள் இன்னார் என்பதற்காக அல்ல. படித்துப் பார்த்தவர்கள் தப்புக் காண முடியவில்லை என்பதற்காக.

ராகு என்ன செய்தான்?

இனி எண்சோதிடரைக் கூப்பிடுவோம். அவருடைய வித்தை என்ன? இலக்கங்களைக் கூட்டு, மறுபடி கூட்டு, ஒற்றை இலக்கமாகும் வரை கூட்டு. இது வேறொன்றுமில்லை, ஒன்பதால் வகுத்த மீதிதான். பத்தை ஒன்பதால் வகுத்தால் ஒன்று மிஞ்சும், நூறை வகுத்தாலும் ஒன்று மிஞ்சும்; ஆகையால் இலக்கத்தைக் கூட்டினாலும் வகுத்தாலும் ஒரே கதி. மீதி ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்பது என்பார்கள். இதைத் தெரிந்து கொண்டால் நாலு கோடி இலக்கத்தையும் கூட்ட வேண்டியதில்லை. இரண்டின் பெருக்கங்களை ஒன்பதால் வகுத்தால் மீதி 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறு ஆறாகத் திரும்பி வரும். 13,62,79,841-ஐ ஆறால் வகுத்தால் மீதி 5. ஐந்தாவது இடத்தில் இருப்பது 5. ஒன்றைக் கழித்தால் 4. ஆகவே உலகத்தின் அந்தப் பெரிய பகா எண்ணின் கூட்டுத்தொகை நாலு. எண்சோதிடப் புத்தகப்படி நாலு என்பது ராகு! ராகு அந்த எண்ணை என்ன செய்தான்? ஒரு துண்டாவது உடைக்க முடிந்ததா?

இன்னும் கேளுங்கள். நாம் பத்துப் பத்தாக எண்ணுவது நமக்குப் பத்து விரல் இருப்பதால். எட்டு விரல் இருந்திருந்தால் எட்டெட்டாக எண்ணியிருப்போம். அப்போது எட்டை ஒன்றும் பூஜ்யமுமாக எழுதிக் கூட்டினால் ஒன்று! சனி சூரியனாகிவிடுவான். ஆனால் பதின்மூன்று கல்லை எந்த எழுத்தில் எழுதினாலும், எத்தனை விரலால் எண்ணினாலும் சம வரிசைகளாக அடுக்க முடியாது. எண்ணின் குணம் என்பது எழுத்தை மாற்றினாலும் மாறாதது. சோதிடன் சொல்லுவது எண்ணின் குணமல்ல. நாம் கிறுக்கும் கிறுக்கலின் குணம்.

இதனால் என்ன பிரயோஜனம்?

மாமல்லபுரம் கடற்கரையில் சங்கு விற்கும் அம்மாளுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். இந்த நாலு கோடி இலக்க எண்ணால் இன்று நேரான லாபம் ஒன்றுமில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதன் சின்னத் தம்பிகள் வேலை செய்கின்றன. இணையத்தில் வங்கிக் கணக்குகளுக்குக் காவல் நிற்கும் பூட்டுகளில் ஒருவகை, 1977-இல் மூன்று பேர் கண்டது, சுமார் முந்நூறு இலக்கமுள்ள இரண்டு பகா எண்களைப் பெருக்கிச் செய்வது. பெருக்குவது இயந்திரத்துக்கு ஒரு நொடி. பெருக்கியதை மட்டும் பார்த்து அந்த இரண்டையும் பிரித்தெடுப்பது இன்றைய இயந்திரங்களுக்கு எட்டாத காரியம். கோல் அந்த 67-க்குப் பட்ட பாட்டை நினைத்துக் கொள்ளுங்கள். நம் பணத்தைக் காப்பது பகா எண். பறிப்பது "அதிர்ஷ்ட எண்".

ஆகவே தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். வீட்டுக்குப் போய் ஒரு காகிதத்தில் 31-ஐயும் 127-ஐயும் நான் சொன்னபடி போட்டுப் பாருங்கள். 2047-ஐ 23-ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட வைத்துக் கொண்டு செய்யுங்கள். பிறகு எண்சோதிடர் வந்தால், அவர் சொல்லும் பலனுக்கும் அதே மாதிரி ஒரு கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் தட்சணை கொடுங்கள். காட்டாவிட்டால், அந்தப் பணத்தில் பிள்ளைக்கு ஒரு கணக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். 8-ஆம் தேதி பிறந்த பெண்ணைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அவளுக்குப் படிப்பு எவ்வளவு, அவள் விருப்பம் என்ன என்று கேளுங்கள். தேதி என்ன என்று கேட்காதீர்கள்.